மிசோஸியின் எலித் தெரு

மிசோஸி ஜெரேவுக்குத் தலைக்கனம் என்று கலிம்வே மிஷன் ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருந்தால்தான் என்ன? தலையில் சரக்கு இருந்தால் கனம் இருக்கத்தான் செய்யும். ஆய்வுக்கூடத்து மிஷின், மருந்துக் கிடங்கின் கணினி, பிரசவ வார்டின் திரை, எக்ஸ்ரே படம் எல்லாம் அவள் கட்டிக் காக்கிற கணினி வலையில்தான் ஓடுகின்றன. பாவாடைக்கு மேல் சிட்டெங்கேத் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, கழுத்தில் சாவிக்கொத்து குலுங்க அவள் தாழ்வாரத்தில் நடந்து வந்தால் டாக்டர்களே ஒதுங்கி வழி விடுவார்கள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். அதை அவள் மறைத்ததும் இல்லை.

மிசோஸி என்றால் கண்ணீர். அவளுக்கு முன் பிறந்தது தங்கவில்லை என்பதால் வைத்த பெயர். ஜெரே என்பது ங்கோனி ராஜாக்களின் குலப்பெயர். குலம் பெரிதுதான், சோறு போட்டது என்னவோ எலி. அவள் அம்மா சிப்பாட்டா போகிற பெரிய ரோட்டில், அறுவடை முடிந்த சோளக்காட்டில் பிடித்த எலிகளை உப்புப் போட்டு வேகவைத்து வாட்டி, பிளந்த குச்சிகளில் வரிசையாகக் கோத்து, ஓடுகிற பஸ்ஸுக்கு நேராக நீட்டி விற்றவள். அந்தக் குச்சிகள்தான் மிசோஸியைத் தலைநகர் லுசாக்காவில் கல்லூரிக்கு அனுப்பின. படித்து முடித்து ஊர்ப்பக்கமே வேலைக்கு வந்தபோது, வலைப் பிரிவின் பொறுப்பில் சிலெஷே இருந்தான். வடக்கே கசாமா பக்கத்து பெம்பா இனத்துக்காரன், குட்டையான ஆள், வாய் மட்டும் நீளம்.

"ஜெரேயா? அப்ப ங்கோனி," என்றான் முதல் நாளே. "பையை அந்தப் பக்கமா வை தாயி. உள்ள எலி கிலி இருந்து வயரைக் கடிச்சிடப் போவுது."

"இருந்தாலும் உங்களுக்குத் தர மாட்டேன்," என்றாள் மிசோஸி. "குரங்கு தின்னு பழகின வாய்க்கு எலி ருசி எங்க தெரியப் போவுது?"

சிலெஷே நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "வா ம்புயா, வா! ஒரு வருஷமா இங்க திட்ட ஆளில்லாம வாயெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு."

ங்கோனிக்கும் பெம்பாவுக்கும் தாத்தா காலத்தில் ஈட்டியால் சண்டை. பேரப்பிள்ளைகளுக்கு வாயால் சண்டை. ஒருவருக்கொருவர் ம்புயா என்று அழைத்துக்கொள்வார்கள். நம் ஊர் மாமன் மச்சான் கேலி இதன் பக்கத்தில் நிற்காது. ம்புயா என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது, பதிலுக்கு ஒரு படி மேலே சொல்லலாம். ம்புயா வைத்த கேலிப் பெயரை மட்டும் தன் கையால் மாற்றக் கூடாது. வேண்டாமென்றால் வைத்தவனிடமே போய், நாலு பேர் பார்க்கக் கெஞ்சி, அவன் கேட்கிற கோழியையோ ஆட்டையோ கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் முறை.

வேலை என்று வந்துவிட்டால் சிலெஷே வேறு ஆள். சுவிட்ச் என்கிற அந்தத் தட்டைப் பெட்டியின் முன் அவளை உட்கார வைத்து, வீலான் பட்டியலைத் திரையில் வரவழைப்பான். வீலான் வேறொன்றுமில்லை, ஒரே பெட்டிக்குள் வகுத்த தெருக்கள். பெட்டியின் முகத்தில் வயர் செருகும் வாசல் ஒவ்வொன்றும் ஒரு போர்ட், ஒவ்வொரு போர்ட்டும் ஒரு தெருவில் குடியிருக்கும். ஆய்வுக்கூடத் தெருக்காரன் மருந்துக் கிடங்குத் தெருவுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. எண், பெயர், எந்தப் போர்ட்டெல்லாம் குடியிருக்கிறது என்று பட்டியல் வரிசையாகச் சொல்லும்.

மிசோஸி அந்தப் பட்டியலைக் கல்லூரியில் நூறு முறை பார்த்தவள்தான். ஆனால் சிலெஷேவோடு வம்புக்கு வம்பு பேசிப் பேசித்தான் அதைப் படிக்கிற கை வந்தது. பட்டியலில் இருப்பதைவிட இல்லாததைப் பார்ப்பதில் இரண்டு பேருக்கும் போட்டி. எல்லாத் தெருவுக்கும் பொதுவாகச் சுமை தூக்குகிற போர்ட் எந்தத் தெருவிலும் பேர் காட்டாது. அது சரியான காணாமல் போதல். மற்ற எது காணாமல் போனாலும் வில்லங்கம். யார் முதலில் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்கு அன்று தோற்றவர் செலவில் ன்ஷிமாச் சோளக்களியும் பொரித்த கப்பென்டா மீனும். பெரும்பாலும் மிசோஸிதான் தின்றாள். நான் சொல்லவில்லை, சிலெஷேவே கேன்டீனில் நின்று புலம்பியிருக்கிறான்.

புது எக்ஸ்ரே மிஷின் வந்த வருஷம் அதற்கென்று தனித் தெரு வெட்டினார்கள். அறுபதாம் எண். மறுநாள் காலை மிசோஸி பட்டியலைத் திறந்தால் அறுபதுக்கு நேரே 'ம்பேபா' என்று இருந்தது. ம்பேபா என்றால் எலி.

"இதென்ன அநியாயம்?"

"ஏன் கத்துற? இந்த ஆஸ்பத்திரியிலேயே விலை ஒசந்த மிஷினு ஓடுற தெரு இது. உங்கம்மா பேரை வைக்கலாம்னு பாத்தேன், பேரு தெரியல. அதான் வியாபாரத்துப் பேரை வச்சேன்."

"மாத்துங்க."

"ஆடு ஒண்ணு ஓட்டிட்டு வா, மாத்தறேன்."

"ஆடா? எலி வாலு கூடக் கிடையாது!"

சாயங்காலம் அம்மாவிடம் போய்ச் சொன்னாள். அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குச்சிகள் ரோட்டில் சிதறின. "நம்ம எலி எக்ஸ்ரே எடுக்குதாடீ?" என்று பக்கத்துக் கடைக்காரிகளிடமெல்லாம் சொல்லி அனுப்பினாள். மிசோஸி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் உள்ளுக்குள் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பதிலடியாகச் சிலெஷேவின் அறைக்கு ஓடுகிற தெருவுக்குக் 'கோல்வே' என்று பெயர் வைத்தாள். பெம்பாவில் குரங்கு. அவனும் கோழி தரவில்லை, அவளும் மாற்றவில்லை. எலியும் குரங்குமாக இரண்டு பெயரும் பட்டியலில் அக்கம்பக்கமாகக் குடித்தனம் செய்தன.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் சிலெஷே நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரி லாரியில் எல்லோரும் கசாமா போனார்கள். சவப்பெட்டியைத் தூக்குகிற நேரத்தில் மிசோஸி குறுக்கே போய் அதன்மேல் கையைப் போட்டு நின்றுகொண்டாள். "எழுந்திரிடா சோம்பேறி! சுவிட்ச் எரியுது, நீ இங்க புது சட்டை போட்டுட்டுப் படுத்திருக்கியா? குரங்குக் கறி செரிக்கலைன்னா சொல்ல வேண்டியதுதானே!" என்று அவள் போட்ட கூச்சலில், அதுவரை கதறிக்கொண்டிருந்த அவன் அக்காமார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார்கள். ம்புயா வந்து இப்படி நாலு வார்த்தை சொல்லாத சாவு கௌரவமான சாவு இல்லை. அவர்கள் அவள் உள்ளங்கையில் காசு வைத்த பிறகுதான் வழி விட்டாள். திரும்பி வருகிற வழியில் லாரியின் பின்மூலையில் உட்கார்ந்து, தன் பெயருக்கு ஏற்றபடி அழுது தீர்த்தாள்.

அதற்குப் பிறகு வலை முழுக்க அவள் பொறுப்பு. சிலெஷேவின் அறையைப் புது நிர்வாகி எடுத்துக்கொண்டார். பெயர் முபித்தா. மேற்கிலிருந்து வந்த லோஸிக்காரர், கழுத்துப்பட்டை கோணாத மனிதர். லோஸிகளுக்கு ம்புயா டோங்காக்கள். கலிம்வேயில் மருந்துக்குக்கூட ஒரு டோங்கா கிடையாது, பாவம், கேலி செய்ய ஆளில்லாமல் காய்ந்து போயிருந்தார். அறை மாறினாலும் அதன் வயர் மாறவில்லை. அவருடைய கணினி இன்னும் குரங்குத் தெருவில்தான் குடியிருந்தது. அதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியம் மிசோஸிக்கு இதுவரை வந்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. மிஷனின் லுசாக்கா வாரியம் எல்லா ஆஸ்பத்திரி வலைகளையும் தலைநகரத்துக் கம்பெனி ஒன்றின் கையில் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறது. ஆகஸ்ட் மாதம் குழு வந்து பார்க்கும். இங்கே எடுக்கிற எக்ஸ்ரே படம் லுசாக்காவில் இருக்கும் எலும்பு டாக்டருக்குத் தடங்கல் இல்லாமல் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் வலை மிசோஸியின் கையிலேயே இருக்கும். சேராவிட்டால் சாவிக்கொத்தைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் போனில் சொல்கிற வயரைப் பிடுங்கிச் செருகுகிற வேலைதான் அவளுக்கு மிஞ்சும்.

"வரட்டும்," என்றாள் மிசோஸி. "வந்து பாக்கட்டும். கம்பெனிக்காரனுக்குப் பாடம் எடுத்து அனுப்பறேன்."

குழு வருவதற்கு முந்தின நாள் கூட்ட அறையின் பெரிய திரையில் ஒத்திகை பார்த்தாள். வீலான் பட்டியல் ஓடியபோது முபித்தா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தார்.

"பா மிசோஸி, இது என்ன, ம்பேபா?"

கோபம் வந்தாலும் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'பா' போடாமல் அவர் கூப்பிட மாட்டார்.

"எலிங்க சார்."

"எலியா? எக்ஸ்ரேவுக்கா? அப்ப அந்தக் கோல்வே?"

"அது... குரங்கு."

"வாரியத்துத் தலைவியம்மா நாளைக்கு இதைத்தான் பாக்கப் போறாங்க. எலி, குரங்குன்னு இது ஆஸ்பத்திரியா, மிருகக்காட்சி சாலையா? பிள்ளைங்க விளையாட்டுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. நாளைக்குக் காலைக்குள்ள ரெண்டும் இருக்கக் கூடாது."

மிசோஸி வாதாடியிருக்கலாம். அவள் வாய்க்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் லுசாக்காவிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள் முன் தன் அம்மாவின் எலிகள் திரையில் நிற்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். முகம் சுட்டது. அவள் வாழ்நாளில் எலிக்காக வெட்கப்பட்டது அந்த ஒரு கணம்தான். சரி என்று தலையாட்டிவிட்டாள்.

காலையில் சுவிட்சின் முன் உட்கார்ந்தபோது கை வரவில்லை. பெயரை மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அறுபதைத் தொட்டு, புதுப் பெயரைத் தட்டினால் முடிந்தது. எந்த வயரும் அசையாது. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் அது ம்புயா வைத்த பெயர். மாற்றுவதென்றால் அவனிடம் கெஞ்சி, ஆடு கொடுத்து மீட்க வேண்டும். அவனோ கசாமாவில் மண்ணுக்குள் கிடக்கிறான். அவன் பெயரின் மேல் இன்னொரு பெயரை எழுதுவது செத்தவனை ஏமாற்றுவது மாதிரி. எடுத்துப் புதைத்துவிடலாம், அது வேறு. புதுத் தெரு ஒன்றை அறுபத்தொன்று என்று வெட்டி, 'எக்ஸ்ரே' என்று பெயரிட்டு, குடியிருக்கிற போர்ட்டையெல்லாம் அங்கே மாற்றிவிட்டு, அறுபதை மரியாதையாக அடக்கம் செய்துவிடலாம் என்று முடிவு செய்தாள்.

பாதி வேலையில் முபித்தா கதவைத் தட்டினார். "வண்டி கேட்டுக்கிட்ட வந்துடுச்சு! முடிஞ்சுதா, இல்லையா?"

"முடிஞ்சுது, முடிஞ்சுது," என்று சொல்லிக்கொண்டே அறுபதை அழிக்கிற வரியைத் தட்டினாள். தலைமை சுவிட்சில் ஒரு தெருவை அழித்தால் மற்ற சுவிட்சுகளும் அதைப் பார்த்துத் தாங்களும் அழித்துக்கொள்ளும். குரங்கைத் தொட நேரமில்லை. பதறிய காரியம் சிதறும் என்பார்கள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் எழுந்து ஓடினாள்.

வாரியத் தலைவி கபெம்ப்வா அம்மாள் ஆகிருதியான பெண்மணி. பளபளப்பான தலைக்கட்டு, சிரிக்காத முகம். இரண்டு கையையும் மெல்லத் தட்டி எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். எக்ஸ்ரே அறையில் ஒரு ஆள் படுத்திருந்தான். சைக்கிளில் கரிமூட்டை ஏற்றி வந்து சரிவில் விழுந்தவன், முழங்கைக்குக் கீழே வீங்கியிருந்தது. படம் எடுத்தாயிற்று. கூட்ட அறையின் திரையில் லுசாக்கா டாக்டர் காத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு எதுவும் வரலியே," என்றார் டாக்டர்.

கொஞ்சம் பொறுத்தார்கள். எக்ஸ்ரே அறையிலிருந்து போன் வந்தது. "பா மிசோஸி, மிஷின் அனுப்ப மாட்டேங்குது. வலை இல்லன்னு சொல்லுது!"

முபித்தா கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். தலைவியம்மாள் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். இவ்வளவு வருஷம் நிமிர்ந்து நடந்த தாழ்வாரம் இன்றோடு சரி என்று மிசோஸி நினைத்தாள். ஆனால் விரல்கள் அவளைக் கேட்காமலே விசைப்பலகைக்குப் போய்விட்டன. எக்ஸ்ரே தாழ்வாரத்துக் கூரைக்கு மேலே இருக்கும் சின்ன சுவிட்சுக்குள் நுழைந்து பட்டியலை வரவழைத்தாள். பெரிய திரையில் எல்லோரும் பார்க்க வரிசை இறங்கியது.

மேலோட்டமாகப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. தெருக்கள் இருந்தன, எல்லாம் நடப்பில் இருப்பதாகச் சொல்லின. மிசோஸி இருப்பதைப் படிக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று போர்ட்டுகளை உதட்டுக்குள் எண்ணினாள். பத்து இருந்தது. பன்னிரண்டு இருந்தது. பதினொன்று எந்தத் தெருவிலும் இல்லை. அது சுமை தூக்குகிற போர்ட்டும் இல்லை. தெருவை அழித்துவிட்டால் அதில் குடியிருந்த போர்ட் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். ஊரே இல்லாதவனுக்கு விலாசம் ஏது? தலைமை சுவிட்சிலும் வார்டு சுவிட்சிலும் எல்லோரையும் குடிபெயர்த்தவள், சிலெஷே கடைசியாகத் தன் கையால் ஏணியில் ஏறி மாட்டிய இந்தச் சின்னப் பெட்டியை அவசரத்தில் மறந்துவிட்டாள். எக்ஸ்ரே மிஷின் அநாதையாக நின்றது.

சரி செய்ய ஒரு வரி போதும். பதினொன்றைப் புதுத் தெருவுக்கு மாற்றிவிட்டு, "வயர் லூசா இருந்துச்சு" என்று சொன்னால் அந்த அறையில் யாருக்கும் தெரியாது. கம்பெனிக்காரன் அதைத்தான் சொல்வான்.

"என்ன ஆச்சு?" என்றாள் தலைவியம்மாள்.

"தப்பு என்னுதுங்க மேடம்," என்றாள் மிசோஸி. "எக்ஸ்ரே ஓடற தெருவை இன்னைக்குக் காலைல நான்தான் அழிச்சேன்."

முபித்தா பலமாக இருமினார்.

"நல்லா ஓடிட்டிருந்ததை எதுக்கு அழிச்சே?" என்றாள் தலைவியம்மாள்.

"பேரு நல்லா இல்லைன்னு."

"என்ன பேரு?"

மிசோஸி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ம்பேபா. இங்க முன்னாடி பொறுப்புல இருந்தவர் வச்சது. சிலெஷே. பெம்பா. எங்கம்மா ரோட்டுல எலி வித்து என்னைப் படிக்க வச்சாங்க, அதுக்காக வச்சாரு. அவரு இப்ப இல்ல. ம்புயா வச்ச பேரை மாத்தக் கூடாதுன்னு மாத்தல. அழிச்சேன். அது அதை விடப் பெரிய தப்பு."

கபெம்ப்வா அம்மாள் பேனாவை மெல்லக் கீழே வைத்தாள். கபெம்ப்வாவும் பெம்பாப் பெயர்தான் என்பது மிசோஸிக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்க ஆளு வச்ச பேரு," என்றாள் தலைவியம்மாள், ஒவ்வொரு சொல்லாக. "செத்தவன் வாயடைச்சுக் கிடக்கான்ற தைரியத்துல, கேக்காம கொள்ளாம அழிச்சுப்புட்ட. ஏண்டி எலி தின்னி, உனக்கு எவ்ளோ கொழுப்பு!"

முபித்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வேலையே போயிற்று என்று நினைத்தார், பாவம். மிசோஸிக்கோ போன உயிர் திரும்பி வந்தது.

"கேக்கலாம்னுதான் பாத்தேன் ம்புயா," என்றாள். "அங்கயும் எந்த மரத்துல குரங்கு பிடிக்கப் போயிருக்காரோ, ஆள் அகப்படல."

கபெம்ப்வா அம்மாளின் தலைக்கட்டு முதலில் ஆடியது, பிறகு தோள்கள் ஆடின, பிறகு மேஜையும் ஆடியது. லுசாக்கா திரையில் எலும்பு டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். "சிரிச்சது போதும்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் தலைவியம்மாள். "அந்தக் கை ஒடிஞ்ச மனுஷன் காத்திருக்கான். போடு அந்தப் பேரை."

மிசோஸி குறுக்கு வழியில் போகவில்லை. தலைமை சுவிட்சில் அறுபதாம் தெருவை மறுபடி திறந்து, எல்லோரும் பார்க்க ஒவ்வோர் எழுத்தாக ம்பேபா என்று தட்டினாள். காலையில் விரட்டின போர்ட்டுகளையெல்லாம் பழைய தெருவுக்கே திருப்பினாள். பிறகு சின்ன சுவிட்சின் பட்டியலை மறுபடி வரவழைத்தாள். அறுபது, ம்பேபா, நடப்பில். அதற்கு நேரே பதினொன்று. அதை அவள் தொடவே இல்லை. தெருவை இடித்துப் போட்ட பிறகும் அது தன் தெரு எண்ணை மறக்காமல் வைத்திருந்தது, தெரு வந்ததும் தானே வந்து உட்கார்ந்துகொண்டது.

"வந்துடுச்சு," என்றார் லுசாக்கா டாக்டர். திரையில் அந்த மனிதனின் கை எலும்பு வெள்ளையாக விரிந்தது. "ஒரு எலும்புதான். கட்டுப் போட்டாப் போதும், கத்தி வேணாம்."

மிசோஸி சிரித்தாள், கண் நிறைந்தது, துடைக்கவில்லை. தலைவியம்மாள் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு பண்ணினே, எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டே, உக்காந்த எடத்துலயே கண்டுபிடிச்சே. லுசாக்காவுலேர்ந்து போன் போட்டு இதைப் பாக்கறதுக்குள்ள அந்தக் கை தானா ஒட்டியிருக்கும். கம்பெனி வேணாம்னு எழுதறேன். சாவி உங்கிட்டயே இருக்கட்டும்." பேனா மூடியை மாட்டினாள். "ஆனா பேரை அழிச்சதுக்கு எங்களுக்கு அபராதம் கட்டணும். உங்கம்மா இன்னும் விக்கறாங்களா?"

"விக்கறாங்க. இதான் எலிக் காலம்."

"வழியில வண்டியை நிறுத்தறேன். ஒரு குச்சி, நல்ல கொழுத்ததா. ஒரு பெம்பாக்காரி எலி தின்னதை வெளிய சொன்னே, கம்பெனியைக் கூட்டிட்டு வந்துடுவேன்." கண்களைச் சுருக்கித் திரையை மறுபடி பார்த்தாள். "ஆமா, இதென்ன, கோல்வே? இந்தக் குரங்கு யாரு?"

முபித்தாவும் திரும்பி மிசோஸியைப் பார்த்தார், ஏன் இன்னும் அழிக்கவில்லை என்கிற கேள்வியோடு. மிசோஸி ஒரு கணம் யோசித்தாள்.

"அது சிலெஷேவோட ரூமுங்க மேடம்," என்றாள். "நான் வச்ச பேரு. அவரு ஒரு கோழி கூடத் தராமப் போயிட்டாரு. அதனால அது அப்படியேதான் இருக்கும்."

வாரியத்து வண்டி பெரிய ரோட்டோரம் நின்றபோது, கூட வந்த மிசோஸி இறங்கி அம்மாவிடம் போனாள். அம்மா எட்டிப் பார்த்தாள். "யாருடி அந்தப் பெரிய வண்டி?"

"லுசாக்காக்காரங்கம்மா. நம்ம எலியைப் பாக்க வந்திருக்காங்க," என்றாள் மிசோஸி.